பாதி கொரியன், பாதி அமெரிக்கன்... முழுசா யார்? - பாட்டிலும் கிம்ச்சியிலும் பதில் தேடிய மிஷெல் ஸாவ்னர்

சூப்பர் மார்க்கெட்டில் நின்று அழுதிருக்கிறீர்களா?

மிஷெல் ஸாவ்னர் அழுதிருக்கிறார். அதுவும் ஒருமுறை இல்லை, பலமுறை. அமெரிக்காவில் கொரிய, ஆசிய மளிகைச் சாமான்கள் விற்கும் 'ஹெச் மார்ட்' கடைக்குள் போனாலே அவருக்குக் கண் கலங்கிவிடும். வீட்டில் வழக்கமாக வாங்கும் காய்ந்த கடற்பாசி எந்த பிராண்ட் என்று ஞாபகம் வராது. போன் போட்டுக் கேட்கலாம் என்றால் அம்மா உயிரோடு இல்லை.

கேட்க சின்ன விஷயம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தக் கடற்பாசிக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருந்தது. 'எந்த பாக்கெட் வாங்கணும்னு சொல்ற ஆளே இல்லைன்னா, நான் இன்னும் கொரியன்தானா?'

2018-ல் 'தி நியூயார்க்கர்' இதழுக்காக அவர் எழுதிய கட்டுரையின் மையம் இதுதான். அந்தக் கட்டுரை பிறகு புத்தகமாக வளர்ந்தது. புத்தகம், நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஒரு வருடத்துக்கும் மேல் இருந்தது. ஆனால் மிஷெல் முதலில் எழுத்தாளர் இல்லை. 'ஜாப்பனீஸ் பிரேக்ஃபாஸ்ட்' என்ற பெயரில் பாடும் இண்டி இசைக் கலைஞர். புத்தகத்துக்கு ரொம்ப முன்பே, இதே கேள்வியைப் பாட்டுகளில் கேட்கத் தொடங்கிவிட்டார்.

கே-டிராமா, கே-பாப் எல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் கொரியாவுக்கு வெளியே வளர்ந்த ஒரு கொரியப் பெண்ணின் குரல் எப்படி இருக்கும்? 'நான் யார், எந்த ஊர்?' என்ற கேள்வி ஒருத்தரின் பாட்டை எப்படி மாற்றும்? பார்க்கலாம்.

யார் இந்த மிஷெல்?

1989 மார்ச் மாதம் தென் கொரியத் தலைநகர் சியோலில் பிறந்தவர். அம்மா கொரியர், அப்பா வெள்ளை அமெரிக்கர். அப்பா 1980-களில் சியோலுக்கு வேலைக்குப் போனவர். அங்கிருந்த அமெரிக்க ராணுவத்தினருக்கு கார் விற்கும் வேலை. தங்கிய ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் இருந்தவர்தான் அம்மா. அங்கேதான் பழக்கம்.

மிஷெலுக்கு ஒரு வயது ஆவதற்குள் குடும்பம் அமெரிக்காவுக்கு வந்துவிட்டது. வந்து சேர்ந்த இடம் ஓரிகன் மாகாணத்தில் உள்ள யூஜின் என்ற ஊர். பல்கலைக்கழகம், மரங்கள், மழை... அழகான ஊர்தான். ஆனால் பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழும் ஊர். லாஸ் ஏஞ்சலஸில் இருப்பதுபோல கொரியக் கடைகள் வரிசைகட்டி நிற்கும் 'கொரியாடவுன்' எல்லாம் அங்கே கிடையாது. மிஷெலுக்கு கொரியா என்றால் கிட்டத்தட்ட அம்மா மட்டும்தான்.

கொரியாவின் இன்னொரு முகம் கோடை விடுமுறையில் வரும். ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் அம்மாவோடு சியோல் பயணம். பாட்டி வீடு, பெரியம்மா, சித்தி, நள்ளிரவில் பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவோடு நின்றபடியே சாப்பிடுவது... விடுமுறை முடிந்தால் மறுபடி யூஜின்.

வாரம் ஒருநாள் கொரிய மொழி வகுப்புக்கும் அனுப்பினார் அம்மா. மொழி முழுசாக வரவில்லை. அதற்குப் பதிலாகச் சாப்பாடு வந்தது. காரமானதை, புளித்ததை, உயிரோடு நெளியும் கடல் உணவைக்கூட யோசிக்காமல் சாப்பிடும் குழந்தை என்று சியோல் சொந்தங்களிடம் பேர் வாங்கினார். கொரியன் என்று நிரூபிக்க அந்தச் சின்னப் பெண்ணிடம் இருந்த ஒரே சான்றிதழ், அவளுடைய நாக்கு.

மறைத்து வைத்த நடுப்பெயர்

டீன் ஏஜ் வந்ததும் கதை மாறுகிறது. அம்மாவின் கொரியப் பெயரான 'சொங்மி'தான் மிஷெலின் நடுப்பெயரும். பள்ளியில் அதைச் சொல்லக் கூச்சம். 'எனக்கு நடுப்பெயரே இல்லை' என்று சொல்லிவிடுவார். 'நீ சைனீஸா, ஜாப்பனீஸா? ரெண்டும் இல்லைன்னா வேற என்ன?' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு மத்தியில், முடிந்தவரை எல்லாரையும்போல இருந்துவிடணும். அவ்வளவுதான் ஆசை.

இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். யூஜினில் அவர் ஆசியப் பெண். சியோலில் இறங்கினால், முகத்தைப் பார்த்து வெளிநாட்டுக் கலப்பு என்று சொல்வார்கள். சின்ன முகம், பெரிய கண் என்று பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டிலேயே 'நீ எங்க ஆள் இல்லை' என்பதும் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு ஊரிலும் பாதி ஆள்.

இது மிஷெலின் தனிக்கதை மட்டும் இல்லை. நாடு வாரியாக ஒதுக்கீடு வைத்து ஆசியர்களைத் தடுத்த குடியேற்ற முறையை அமெரிக்கா 1965-ல்தான் மாற்றியது. அதன்பிறகே கொரியர்கள் பெரிய எண்ணிக்கையில் வந்தார்கள். இன்று கொரிய வம்சாவளியினர் அங்கே சுமார் 20 லட்சம் பேர். வந்த தலைமுறை கடை நடத்தியது, சலவைக்கடை வைத்தது, இரவு பகலாக உழைத்தது. 'நாங்க எங்கிருந்து வந்தோம்' என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. குழப்பம் எல்லாம் அடுத்த தலைமுறைக்குத்தான்.

காஸ்ட்கோ கிட்டாரும் அம்மாவின் கோபமும்

டீன் ஏஜில் காஸ்ட்கோ கடையில் வாங்கிய ஒரு யமஹா கிட்டார் கைக்கு வருகிறது. கூடவே ஒரு டிவிடியும். 'யே யே யேஸ்' என்ற ராக் குழுவின் கச்சேரி வீடியோ அது. அதில் மேடையை அதிரவைக்கும் பாடகி கேரன் ஓ. அவருடைய அம்மாவும் கொரியர்!

பார்த்ததும் சந்தோஷம்தானே வரணும்? வந்தது. ஆனால் அதோடு ஒரு பயமும் வந்தது என்று மிஷெல் எழுதியிருக்கிறார். ராக் இசையில் ஆசியப் பெண்ணுக்கு இருக்கிற ஒரே நாற்காலியில் ஏற்கெனவே ஒருத்தர் உட்கார்ந்துவிட்டாரே, இனி எனக்கு ஏது இடம் என்ற பயம். வெள்ளை ஆண்கள் கிட்டாரோடு ஆயிரம் பேர் வந்தாலும் 'இன்னொருத்தரா?' என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் சிறுபான்மையில் இருந்து வரும் ஒருத்தருக்கு, தன்னைப் போன்ற இன்னொருவரே போட்டியாகத் தெரிகிறார். இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், மிஷெலின் பிற்காலப் பாட்டுகள் இன்னும் தெளிவாகப் புரியும்.

வீட்டிலோ அம்மாவுக்கு இந்த இசை மோகம் பிடிக்கவே இல்லை. மகள் எப்போது இதையெல்லாம் விட்டுவிட்டு ஒழுங்கான வேலைக்குப் போவாள் என்று காத்திருந்தார். சண்டை, அழுகை, பேசாமல் இருப்பது என்று எல்லாம் நடந்தது. கடைசியில் மிஷெல் நாட்டின் மறுகோடிக்கே போய்விட்டார். பென்சில்வேனியாவில் உள்ள பிரின் மார் கல்லூரி. 2011-ல் பட்டம் வாங்கிய கையோடு பிலடெல்பியாவில் 'லிட்டில் பிக் லீக்' என்ற இசைக்குழு. பகலில் கிடைத்த வேலை, இரவில் பாட்டு. பணமும் இல்லை, புகழும் இல்லை.

அம்மாவிடம் ஒரு கொள்கை உண்டு. யாரை எவ்வளவு நேசித்தாலும் உன்னில் 10 சதவீதத்தை உனக்கென்று எடுத்து வைத்துக்கொள் என்பார். மகளுக்கு இது புரியவே இல்லை. அம்மா தன்னிடமிருந்தும் அந்த 10 சதவீதத்தை ஒளித்து வைத்திருந்தார் என்பது பல வருடங்கள் கழித்துத்தான் உறைத்தது.

கொரியருக்கு ஏன் 'ஜாப்பனீஸ்' பெயர்?

இந்தக் குழுவின் பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் வரும் சந்தேகம் இது. 2013-ல், குழு வேலைக்கு வெளியே தனக்காகச் சின்னச் சின்னப் பாட்டுகள் எழுதத் தொடங்கினார் மிஷெல். அந்த ஜூன் மாதம் தினமும் ஒரு பாட்டு என்று ஒரு சவாலே நடந்தது. அந்த நேரத்தில் இணையத்தில் பார்த்த ஜப்பானியக் காலை உணவுப் படம் ஒன்று பிடித்துப்போனது. அமெரிக்கர்கள் 'பிரேக்ஃபாஸ்ட்' என்றால் தங்கள் சொத்து என நினைப்பார்கள், 'ஜாப்பனீஸ்' என்றால் எங்கோ தூரத்து விஷயம் என நினைப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எப்படி இருக்கும் என்ற விளையாட்டு. பெயர் ஒட்டிக்கொண்டது.

விளைவு? இவர் ஜப்பானியர் என்றே பலர் நினைத்துக்கொண்டார்கள். பள்ளியில் 'நீ சைனீஸா, ஜாப்பனீஸா?' என்று கேட்ட அதே குழப்பம், இப்போது போஸ்டரிலேயே ஏறிவிட்டது. தெரியாமல் வைத்த பெயர், அவர் பாட்டின் கருப்பொருளையே சொல்வதுபோல ஆனது. தொடர்ந்து தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஒருத்தரின் கதைதானே அது.

2014: எல்லாம் மாறிய வருடம்

மிஷெலுக்கு அப்போது 25 வயது. அம்மாவுக்குப் புற்றுநோய் என்று போன் வருகிறது. ஏற்கெனவே சித்தியும் புற்றுநோயில் இறந்திருந்தார். குழுவை, நண்பர்களை, பிலடெல்பியாவை விட்டுவிட்டு யூஜினுக்குத் திரும்பினார்.

அம்மாவுக்குக் கொரியச் சாப்பாடு சமைத்துப் போட்டு, இத்தனை வருடச் சண்டைக்கும் பிராயச்சித்தம் செய்துவிடலாம் என்பது மகளின் திட்டம். நடக்கவில்லை. சிகிச்சையால் அம்மாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பார்த்துக்கொள்ள வந்த கொரியத் தோழி ஒருவர், பைன் கொட்டை அரைத்து 'ஜாட்ஜுக்' என்ற கஞ்சி வைத்துக் கொடுத்தார். அது இறங்கியது. அதைக் கற்றுக்கொள்ள மகளுக்கு ஆசை. ஆனால் கொரிய மொழியில் பேசிக்கொள்ளும் அந்த இரண்டு பேருக்கு நடுவே, சொந்த வீட்டிலேயே வெளி ஆள் மாதிரி நின்றார்.

அம்மா பார்க்கணும் என்பதற்காகவே கல்யாணத்தை முன்கூட்டியே நடத்தினார்கள். மாப்பிள்ளை பீட்டர் பிராட்லி, பின்னாளில் மிஷெலின் இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவர். கல்யாணம் முடிந்த சில வாரங்களில், 2014 அக்டோபரில், அம்மா போய்விட்டார். வயது 56.

துக்கம் ஒருபக்கம். இன்னொரு பக்கம் வேறொரு பயம். கொரியாவுக்கும் தனக்கும் நடுவே இருந்த ஒரே பாலம் உடைந்துவிட்டது. அம்மா பக்கத்தில் நிற்கும்வரை 'இவள் கொரியப் பெண்ணின் மகள்' என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இனி முகத்தைப் பார்த்து யார் நம்புவார்கள்?

துக்கத்தில் பிறந்த முதல் ஆல்பம்

அம்மா இறந்தபின் யூஜின் வீட்டருகே இருந்த சின்னக் குடிலில் உட்கார்ந்து பாட்டுகளைப் பதிவு செய்தார். அதுதான் 2016-ல் வந்த 'சைக்கோபாம்ப்'. இறந்தவர்களின் ஆன்மாவை மறுகரைக்குக் கூட்டிப் போகும் வழிகாட்டிக்குக் கிரேக்க மொழியில் உள்ள பெயர் அது.

அட்டையில் அம்மாவின் இளவயதுப் புகைப்படம். ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய சின்னப் பாட்டில் அம்மாவின் பதிவான குரலே வருகிறது. முதல் பாட்டு 'இன் ஹெவன்', சாவு நடந்த வீட்டைப் பற்றியது. ஆனால் இசையைக் கேட்டால் ஏதோ வெயில் அடிக்கும் காலை மாதிரி இருக்கும். ஒப்பாரி வைக்காமல், துள்ளலான மெட்டுக்குள் அழுகையை மடித்து வைப்பது மிஷெலின் பாணி. முதல் முறை கேட்கும்போது காலாட்டுவோம். மூன்றாவது முறைதான் வரிகள் காதில் விழும்.

இசையெல்லாம் முடிந்தது என்று நினைத்து நியூயார்க்கில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அம்மா ஆசைப்பட்ட 'ஒழுங்கான வேலை'! அந்த நேரம் பார்த்துதான் ஆல்பம் பேசப்பட்டது. அம்மாவைப் பற்றிய பாட்டு, அம்மா வேண்டாம் என்ற வாழ்க்கையை மகளுக்குக் கொடுத்துவிட்டது. இந்த முரண் அவரை இன்றுவரை விடவில்லை.

அதே 2016-ல் பாடகி மிட்ஸ்கியோடு சுற்றுப்பயணம். மிட்ஸ்கியின் அம்மா ஜப்பானியர். கூடவே வந்த ஜே சோம், பிலிப்பினோ வம்சாவளி. ஒரே மேடையில் அடுத்தடுத்து மூன்று ஆசிய அமெரிக்கப் பெண்கள். 'ஒரே நாற்காலி' என்று பயந்த பெண், அது தானாக அமைந்த கணக்கு இல்லை, யாரோ போட்டு வைத்த கணக்கு என்பதை நேரில் பார்த்தார்.

பாட்டில் கொரியா எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்வி. 'நான் கொரியன், நான் அமெரிக்கன்' என்று மிஷெல் நேரடியாகப் பாடுவது அபூர்வம். பாட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். அடையாளம் அங்கே முழக்கமாக வராது. உடையாக, உருவமாக, ஒரு பழமாக வரும்.

* உடை: 'எவ்ரிபடி வான்ட்ஸ் டு லவ் யூ' பாட்டின் வீடியோவைப் பாருங்கள். அம்மாவின் கல்யாண ஹன்போக், அதாவது கொரியப் பாரம்பரிய உடையைக் கட்டிக்கொண்டு குடிக்கிறார், ஊர் சுற்றுகிறார், கிட்டார் வாசிக்கிறார். அடக்க ஒடுக்கத்தின் அடையாளமாகப் பார்க்கப்படும் உடைக்குள் அடங்காத பெண். அம்மாவோடு போட்ட பழைய சண்டையும், அம்மா மேல் உள்ள பாசமும் ஒரே பிரேமில்.

* உருவம்: 2017 ஆல்பமான 'சாஃப்ட் சவுண்ட்ஸ் ஃப்ரம் அனதர் பிளானட்'டின் முதல் பாட்டு 'டைவிங் வுமன்'. கொரியாவின் ஜேஜு தீவில் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கி, சிப்பியும் கடற்பாசியும் எடுத்து வரும் 'ஹேன்யோ' பெண்கள்தான் அதன் உந்துதல். துக்கத்திலிருந்து வெளியே வர, அந்தப் பெண்களைப்போல தினமும் ஒழுங்காக வேலைக்கு இறங்கணும் என்று நினைக்கும் ஒருத்தரின் பாட்டு. ஆறு நிமிடத்துக்கு மேல், அலை மாதிரியே திரும்பத் திரும்ப வரும் கிட்டார்.

* பழம்: 2021-ல் வந்த 'ஜூபிலி' அட்டையில் மிஷெலைச் சுற்றி பெர்சிமன் பழங்கள் கயிற்றில் தொங்கும். பறிக்கும்போது கெட்டியாக, துவர்ப்பாக இருக்கும் பழம். கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தால் மெல்ல இனிப்பாகும். கொரியாவில் பழகிய பண்டம். தன் மனசு போன பாதைக்கான படமாகவே அதைத் தேர்ந்தெடுத்ததாக அவரே விளக்கியிருக்கிறார். இரண்டு ஆல்பம், ஒரு புத்தகம் என்று துக்கத்தையே எழுதிய பிறகு, இனி சந்தோஷத்தை எழுதலாம் என்ற முடிவு.

சந்தோஷம் என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சந்தோஷத்துக்காகவும் உழைக்கணும் என்பதுதான் அந்த ஆல்பத்தின் தொனி. 2022 கிராமியில் சிறந்த ஆல்டர்நேட்டிவ் ஆல்பம், சிறந்த புதிய கலைஞர் என்று இரண்டு பரிந்துரைகள். விருது கிடைக்கவில்லை. ஆனால் மூன்றாவது ஆல்பம் போட்டவரை 'புதியவர்' என்று அழைத்தது நல்ல வேடிக்கை.

யூடியூப் பார்த்து கிம்ச்சி

பாட்டுக்கு வெளியே அவர் செய்த இன்னொரு வேலை, சமையல். அம்மா எந்தக் குறிப்பும் எழுதி வைக்கவில்லை. கொரிய அம்மாக்களும் நம்ம வீட்டு அம்மாக்கள் மாதிரிதான். 'எவ்வளவு போடணும்?' என்றால் 'போதும்னு தோணுற வரைக்கும்' என்பார்கள். ஆகவே மிஷெல் போய் நின்ற இடம் யூடியூப். கொரியச் சமையல் சொல்லித்தரும் புகழ்பெற்ற 'மாங்ச்சி'யின் வீடியோக்கள். வீட்டில் கற்க முடியாமல்போன அந்தப் பைன் கொட்டைக் கஞ்சியை அங்கேதான் கற்றுக்கொண்டார். பிறகு கிம்ச்சி. முட்டைகோஸுக்கு உப்புப் போட்டு, மிளகாய் விழுது தடவி, ஜாடியில் அடைத்து, புளிக்கவிட்டு...

சும்மா விட்டால் முட்டைகோஸ் அழுகிப்போகும். உப்பும் பக்குவமும் இருந்தால் அதே முட்டைகோஸ் வேறொன்றாக மாறி நீண்ட நாள் வாழும். நினைவும் அப்படித்தான், பார்த்துக்கொள்ளாவிட்டால் கெட்டுவிடும் என்று புத்தகத்தில் இதை அம்மாவோடு இணைத்து எழுதியிருக்கிறார்.

இந்தக் கதையின் முக்கியமான திருப்பமும் இங்கேதான். அதுவரை கொரியத்தன்மை என்பது அம்மாவிடமிருந்து தானாக வந்த சொத்து. அம்மா போனதும் சொத்தும் போய்விட்டது என்று பயந்தார். சமையலறையில் அவருக்குப் புரிந்தது வேறு. இது சொத்து இல்லை, பழக்கம். தினமும் கை வைத்தால் இருக்கும், விட்டால் போய்விடும். 'நான் பாதியா, முழுசா?' என்று சதவீதம் போட்டுக்கொண்டிருந்தவர், 'இன்னைக்கு நான் என்ன செய்தேன்?' என்ற கேள்விக்கு மாறினார்.

'ஹெச் மார்ட்' பெயருக்கும் ஒரு அர்த்தம் உண்டு. 'ஹன் ஆ ரும்' என்ற கொரியச் சொற்றொடரின் முதல் எழுத்துதான் அந்த ஹெச். ஒரு அணைப்பு நிறையச் சாமான் என்று பொருள். 1982-ல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரே ஒரு கடையாகத் தொடங்கியது.

எல்லாமே சாப்பாடுதானா?

இந்தக் கதை மேல் ஒரு விமர்சனமும் வைக்கலாம். புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் எழுதினால் உடனே அம்மா சமையல், மூக்கைப் பொத்தும் வகுப்புத் தோழர்கள், கடைசியில் சமாதானம் என்று ஒரு டெம்ப்ளேட் வந்துவிடுகிறது. வெள்ளை வாசகர்களுக்கும் அது சௌகரியம். குடியேற்றச் சட்டம், இனவெறி, வேலை என்று கஷ்டமான விஷயங்களைப் பேசாமல் ஒரு கிண்ணம் நூடுல்ஸோடு முடித்துவிடலாம்.

மிஷெலுக்கும் இந்த ஆபத்து இருந்தது. புத்தகம் ஹிட் ஆன பிறகு எந்தப் பேட்டியிலும் முதல் கேள்வி அம்மா, இரண்டாவது கேள்வி கிம்ச்சி. ஆனால் பாட்டுகள் அவரைக் காப்பாற்றுகின்றன. 'ஜூபிலி'யில் ஒரு பணக்கார ஆணின் வாயிலிருந்து பாடும் பாட்டும் இருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த நான்காவது ஆல்பம் 'ஃபார் மெலன்கலி புருனெட்ஸ்', துக்கமும் இல்லாத, கொண்டாட்டமும் இல்லாத நடுவயது ஏக்கங்களைப் பற்றியது. அதில் நடிகர் ஜெஃப் பிரிட்ஜஸ்கூட ஒரு பாட்டில் சேர்ந்து பாடியிருக்கிறார். அடையாளத்தைப் பற்றி எழுதும் உரிமைபோலவே, அதைப் பற்றி எழுதாமல் இருக்கும் உரிமையும் ஒரு கலைஞருக்கு வேண்டும். அந்த இடத்துக்கு அவர் இப்போது வந்திருக்கிறார்.

அதற்காகக் கொரியாவை விட்டுவிடவில்லை. 2022-ல் தன் ஹிட் பாட்டான 'பீ ஸ்வீட்'டை, சே சோ நியான் குழுவின் பாடகி சோயூனோடு சேர்ந்து கொரிய மொழியில் பாடினார். 2024-ல் ஏறத்தாழ ஒரு வருடம் சியோலிலேயே தங்கி மொழி படித்தார். குழந்தையாக வெள்ளிக்கிழமை வகுப்பில் விட்ட இடத்திலிருந்து, 35 வயதில் மறுபடி ஆரம்பம். அடுத்த புத்தகமும் அந்த அனுபவம் பற்றித்தான்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

* இன் ஹெவன் (2016) - துக்கம், ஆனால் துள்ளல்
* டைவிங் வுமன் (2017) - இரவு பஸ் பயணத்துக்கு, ஹெட்போனோடு
* பாப்ரிகா (2021) - டிரம்பெட் முழங்க ஒரு ஊர்வலம் மாதிரி
* பீ ஸ்வீட், கொரிய வடிவம் (2022) - ஆங்கில வடிவத்தைக் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள்
* ஆர்லாண்டோ இன் லவ் (2025) - புதிய ஆல்பத்தின் முதல் சிங்கிள்

ஒரு கப் காபி

கடைசியாக ஒரு காட்சி. முதல் ஆல்பத்துக்குப் பிறகான ஆசியச் சுற்றுப்பயணம் சியோலில் முடிகிறது. அம்மா பிறந்து வளர்ந்த நகரம். கச்சேரிக்குப் பெரியம்மாவும் வந்திருக்கிறார். நிகழ்ச்சி முடிந்து வெளியே போகும் கொரிய இளைஞர்களின் கையில் இசைத்தட்டுகள். அத்தனை அட்டையிலும் அம்மாவின் முகம். இந்த ஊரைவிட்டு ஒரு கைக்குழந்தையோடு கிளம்பிப் போன பெண், முன்பின் தெரியாதவர்களின் பைகளில் ஏறிச் சொந்த ஊர்த் தெருக்களுக்குத் திரும்பிப் போகிறார்.

பிறகு பெரியம்மாவோடு கரோக்கே. 1960-களின் பிற்பகுதியில் பேர்ல் சிஸ்டர்ஸ் பாடிய 'காபி ஹன்ஜான்', அதாவது 'ஒரு கப் காபி', திரையில் ஓடுகிறது. அம்மாவும் பெரியம்மாவும் சின்ன வயதில் பாடித் திரிந்த பாட்டு. மிஷெலுக்கு வரிகள் முழுசாகத் தெரியாது. எழுத்துகள் நிறம் மாற மாற, ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துக்கொண்டே பாடுகிறார். சில இடங்களில் பின்தங்குகிறார், பெரியம்மா முன்னால் போகிறார், மறுபடி பிடித்துக்கொள்கிறார்.

உச்சரிப்பு சரியா என்று அங்கே யாரும் மார்க் போடவில்லை.